ஆங்கில ரிப்போர்ட்டில் இங், எட், ஹேவிங்: புதிதாக எழுத வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோயம்புத்தூரில் நாலு வருடம் பம்ப் வேலை பார்த்துவிட்டு பெங்களூரு பீன்யாவுக்கு சர்வீஸ் இன்ஜினியராக வந்தேன். வேலை கைக்குப் பழகிய வேலைதான், பேரிங் சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவேன். ஆனால் இங்கே ஒவ்வொரு விசிட்டுக்கும் ஆங்கிலத்தில் ரிப்போர்ட் எழுதி அன்றைக்கு மாலைக்குள் கஸ்டமருக்கு மெயிலில் அனுப்ப வேண்டும். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

வந்த இரண்டாவது மாதம் நான் அனுப்பிய ஒரு வரி இது: ‘ஹேவிங் ஃபெயில்ட் டுவைஸ், தி கஸ்டமர் வான்ட்ஸ் டு ரிப்ளேஸ் தி பம்ப்.’ பம்ப் இரண்டு தடவை ஃபெயில் ஆகிவிட்டது, அதனால் அதை மாற்ற நினைக்கிறார்கள் என்று எழுதியதாகத்தான் நினைத்தேன். மறுநாள் காலை ஓசூர்க்காரரான எங்கள் சீனியர் கூப்பிட்டார்.

“தம்பி, ரெண்டு தடவை ஃபெயில் ஆனது பம்பா, கஸ்டமரா?”

“பம்புதானுங்கண்ணா.”

“அப்புறம் ஏன் கஸ்டமர்னு எழுதியிருக்கே? அவங்க மெயின்டெனன்ஸ் ஆளு காலைல இருந்து மூணு போன் பண்ணிட்டாரு.”

அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தப்பு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. தப்பு என்று சொல்ல எல்லோருக்கும் தெரிந்தது, ஏன் தப்பு என்று சொல்ல ஆள் கிடைக்கவில்லை. அதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு மாதம் ஆயிற்று. உங்களுக்கு ஆறு வாரம் போதும், கீழே உள்ள வரிசையில் போனால்.

ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். வாய்விட்டுப் படியுங்கள், காது பிடித்துக்கொள்ளும்.

1. முதலில் உங்கள் பழைய மெயில்களை எடுங்கள்

புத்தகம் வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். நீங்களே அனுப்பிய மெயில் 20, உங்கள் சர்வீஸ் ரிப்போர்ட் 5, ஆபீசில் நன்றாக எழுதுகிற ஒருவருடைய ரிப்போர்ட் 2 அல்லது 3. பிரின்ட் எடுத்துக்கொள்ளுங்கள், கஸ்டமர் பெயரையும் விலையையும் அடித்துவிட்டு. போனில் பார்த்துக்கொண்டே திருத்தலாம் என்று நானும் முயன்றேன், ஒரு வாரம் வீணானதுதான் மிச்சம். பேனாவால் கோடு போட்டால்தான் கண்ணில் படுகிறது.

‘இங்’ என்று முடிகிற சொல், ‘எட்’ என்று முடிகிற சொல், ‘ஹேவிங்’ வருகிற இடம், மூன்றையும் கோடிடுங்கள். என் 20 மெயிலில் 61 கோடு விழுந்தது. அதில் பாதி சும்மா ‘ஐ ஆம் சென்டிங்’, ‘வி செக்ட்’ மாதிரி சாதாரண வினைமுற்றுகள், அவற்றைத் தள்ளிவிடுங்கள். மிச்சம் இருப்பவைதான் நமக்கு வேலை.

செலவு என்று பார்த்தால் 200 பக்க நோட்டுக்கு 60 ரூபாய், அவென்யூ ரோட்டில் வாங்கிய பழைய பள்ளி ஆங்கில இலக்கணப் புத்தகத்துக்கு 150 ரூபாய். சிக்பேட்டை மெட்ரோவில் இறங்கி நடந்தால் பழைய பாடப்புத்தகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பதில் பகுதி கிழியாமல் இருக்கிறதா என்று கடையிலேயே புரட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அதற்கு முன்னால் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாசுக்கு 9,000 ரூபாய் கட்டியிருந்தேன், மூன்று மாதத்தில் இந்த விஷயத்துக்குக் கிடைத்தது ஒரே ஒரு மாலை. பேச்சுக்கு அது உதவியது, இல்லை என்று சொல்லமாட்டேன். எழுத்துக்காக மட்டும் பணம் கட்டுவதாக இருந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள்.

2. நமக்கு ஏற்கெனவே தெரிந்த மூன்று பெயர்கள்

பார்ட்டிசிபிள் என்று ஆங்கிலத்தில் சொல்வதைப் புதிதாகப் படிக்கத் தேவையில்லை. பள்ளியில் படித்த எச்சம்தான்.

முற்றுப்பெறாமல் இன்னொரு வினையைத் தேடி நிற்பது வினையெச்சம்: ‘திறந்து’, ‘பார்த்தபடி’. பெயரைத் தேடி நிற்பது பெயரெச்சம்: ‘ஓடுகிற மோட்டார்’, ‘உடைந்த பைப்’. செயலுக்கே பெயராக நிற்பது தொழிற்பெயர்: ‘ஓடுதல்’, ‘திறப்பது’. தமிழில் மூன்றுக்கும் உருவம் வேறு வேறு. ஆங்கிலத்தில் மூன்றுக்கும் பெரும்பாலும் அதே ‘இங்’ வந்து நிற்கும், குழப்பமே அங்கிருந்துதான் தொடங்குகிறது. ‘ரன்னிங் தி பம்ப் டிரை இஸ் டேஞ்சரஸ்’ என்பதில் இருப்பது தொழிற்பெயர், அதாவது தண்ணீர் இல்லாமல் பம்பை ஓட்டுவது ஆபத்து. அதற்கு இந்தக் கட்டுரையில் சொல்லும் விதிகள் கிடையாது. கோடிட்ட ஒவ்வொன்றின் பக்கத்திலும் தமிழில் அர்த்தம் எழுதுங்கள், ‘-வது’ என்று முடிந்தால் தள்ளிவிடுங்கள்.

3. கமாவுக்கு அப்புறம் யார் நிற்கிறார்கள்?

ஆறு வாரத்தில் இரண்டு வாரத்தை இதற்கே கொடுங்கள். மற்ற எல்லாத் தப்பையும் ஆங்கிலக்காரர் மன்னித்துவிடுவார், இது அர்த்தத்தையே மாற்றிவிடும்.

வாக்கியத்தின் தொடக்கத்தில் இங், எட், ஹேவிங் தொடர் வந்து கமா விழுந்தால், கமாவுக்கு அடுத்தபடி வருகிற எழுவாய்தான் அந்தச் செயலையும் செய்தது, எட் தொடரானால் அதற்கு உட்பட்டது, என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். அவ்வளவுதான் விதி.

‘வாக்கிங் இன்டு தி பம்ப் ஹவுஸ், ஐ ஸ்மெல்ட் பர்ன்ட் வைண்டிங்.’ நான் நடந்தேன், மோட்டாரின் கம்பிச்சுருள் (வைண்டிங்) கருகிய வாடையை நான் மோந்தேன். சரி.

‘வாக்கிங் இன்டு தி பம்ப் ஹவுஸ், தி வைண்டிங் ஸ்மெல்ட் பர்ன்ட்.’ இதில் வைண்டிங் நடந்து உள்ளே வருகிறது.

என் மெயிலில் நடந்ததும் இதுதான். ‘ஹேவிங் ஃபெயில்ட் டுவைஸ்’ முடிந்து கமா, அடுத்து ‘தி கஸ்டமர்’. ஃபெயில் ஆனது கஸ்டமர் என்றுதான் அந்த மனிதர் படித்தார், அவர் கோபம் நியாயமானது.

நமக்கு மட்டும் இது ஏன் உறுத்துவதில்லை? தமிழிலும் ‘செய்து’ என்ற எச்சத்துக்கும் முற்றுக்கும் எழுவாய் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே பொது விதி. ‘நான் கதவைத் திறந்து உள்ளே போனேன்’ என்பதில் திறந்ததும் நான், போனதும் நான். ஆனால் ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ என்றால் யாரும் திருத்தமாட்டார்கள். பெய்தது மழை, நிறைந்தது குளம், இருந்தும் வாக்கியம் நிற்கிறது. ‘பெய்ய’ என்பது ‘பெய்து’ எனத் திரிந்தது என்று இலக்கணமே அதற்குச் சமாதானம் சொல்லிவிடுகிறது. நம் தொழிலில் நாள் முழுக்க இப்படித்தான் பேசுகிறோம்: ‘கரண்ட் போய் மோட்டார் நின்றுவிட்டது’, ‘சீல் தேய்ந்து தண்ணீர் ஒழுகுகிறது’. இதை அப்படியே தூக்கிக்கொண்டு போய் ‘ஃபெயிலிங் தி பவர், தி மோட்டார் ஸ்டாப்ட்’ என்று எழுதினால் மோட்டார் பவரைக் கெடுத்ததாக ஆகிவிடும். தமிழ்க் காது பழகிய பழக்கம் இது, உங்கள் அறிவில் குறை ஒன்றும் இல்லை, கவனித்தால் போய்விடும்.

திருத்த இரண்டு வழி. செய்த ஆளையோ பொருளையோ கமாவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கலாம். இல்லையென்றால் இங் தொடரையே உடைத்து ‘பிகாஸ்’, ‘ஆஃப்டர்’, ‘வென்’ போட்டு உள்ளே தனி எழுவாய் வைக்கலாம்: ‘தி மோட்டார் ஸ்டாப்ட் பிகாஸ் தி பவர் ஃபெயில்ட்.’ என் பழைய வரிக்கு இதைவிட எளிய திருத்தம் உண்டு: ‘தி கஸ்டமர் வான்ட்ஸ் டு ரிப்ளேஸ் தி பம்ப், விச் ஹேஸ் ஃபெயில்ட் டுவைஸ்.’ ‘தி பவர் ஹேவிங் ஃபெயில்ட், தி மோட்டார் ஸ்டாப்ட்’ என்று எச்சத்துக்குத் தனி எழுவாய் கொடுத்து எழுதுகிற முறையும் உண்டு, நம் ‘மழை பெய்து’ மாதிரியே. இலக்கணப்படி சரி. ஆனால் சர்வீஸ் ரிப்போர்ட்டில் கனமாக இருக்கும், எழுதாதீர்கள்.

இதில் இரண்டு பொறி இருக்கிறது. ஒன்று, ‘ஆஃப்டர்’, ‘பிஃபோர்’, ‘வைல்’ முன்னால் போட்டுவிட்டால் தப்பித்துவிட்டோம் என்று நினைப்பது. ‘ஆஃப்டர் செக்கிங் தி அலைன்மென்ட், தி கப்ளிங் வாஸ் சேஞ்ச்ட்’ என்ற வாக்கியத்தை, அதாவது அலைன்மென்ட் பார்த்த பிறகு கப்ளிங் (மோட்டாரையும் பம்பையும் இணைக்கிற பாகம்) மாற்றப்பட்டது என்பதை, எல்லா ரிப்போர்ட்டிலும் பார்ப்பீர்கள். டெக்னிக்கல் எழுத்தில் இதைப் பலர் பொறுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அலைன்மென்ட் பார்த்தது நீங்களா, அவர்கள் ஃபிட்டரா என்பது இதில் இல்லை. மறுபடி பம்ப் உடைந்தால் முதலில் வருகிற கேள்வி அதுதான். ‘வி சேஞ்ச்ட் தி கப்ளிங்’ என்று எழுதிவிடுங்கள்.

இன்னொன்று, திருத்தக் கூடாததைத் திருத்துவது. ‘கன்சிடரிங்’, ‘ரிகார்டிங்’, ‘இன்க்ளூடிங்’, ‘டிபெண்டிங் ஆன்’, ‘அக்கார்டிங் டு’ ஆகியவை பார்க்க இங் ஆக இருந்தாலும் வேலை செய்வது ‘பற்றி’, ‘உட்பட’, ‘பொறுத்து’ மாதிரி. அவற்றுக்கு எழுவாய் தேட வேண்டாம். ‘கன்சிடரிங் தி ஏஜ் ஆஃப் தி மோட்டார், தி வைண்டிங் இஸ் இன் குட் கண்டிஷன்’ சரியான வாக்கியம். நான் இதைப் போய் ஒரு வாரம் திருத்திக்கொண்டிருந்தேன்.

கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு காட்டும் என்று நம்பாதீர்கள். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லாததால் பெரும்பாலும் காட்டாது.

4. ‘கொண்டே’ போட்டுப் பாருங்கள், ‘விட்டு’ போட்டுப் பாருங்கள்

இங் எப்போது, ஹேவிங் எப்போது என்பதற்கு நான் பயன்படுத்துகிற சோதனை இது. தமிழில் ‘திறந்து’ என்பது இரண்டையும் தாங்கும். அதனால் மனசுக்குள் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘-கொண்டே’ அல்லது ‘-ததும்’ பொருந்தினால் இங்: ‘ஓப்பனிங் தி வால்வ், ஐ ஹெர்ட் எ நாக்கிங் சவுண்ட்.’ திறந்ததும் சத்தம் கேட்டது. ‘-விட்டு’ தான் பொருந்தும், முதல் வேலை முழுக்க முடிந்த பிறகுதான் அடுத்தது என்றால் ஹேவிங்: ‘ஹேவிங் ரன் தி பம்ப் ஃபார் டூ அவர்ஸ், ஐ மெஷர்ட் தி பேரிங் டெம்பரேச்சர்.’ இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு அளந்தேன். இதையே ‘ரன்னிங்’ என்று எழுதினால் ஓட்டும்போதே அளந்த மாதிரி ஆகும், அளந்த எண்ணுக்கு மதிப்புப் போய்விடும்.

அடுத்து, எச்சத்தை அடுக்குவது. தமிழில் எத்தனை வேண்டுமானாலும் அடுக்கலாம்: ‘பவரை ஆஃப் பண்ணி, கப்ளிங் கார்டைக் கழற்றி, பழைய சீலை எடுத்து, ஷாஃப்டைத் துடைத்து, புது சீல் போட்டு ஓட்டிப் பார்த்தேன்.’ ஐந்து எச்சம், ஒரு முற்று, மூச்சு முட்டவே இல்லை. ஆங்கிலம் ஒன்று தாங்கும், கஷ்டப்பட்டு இரண்டு தாங்கும். அடுக்கை உடைத்து வினைமுற்றாக்குங்கள்: ‘ஐ சுவிட்ச்ட் ஆஃப் தி பவர், ரிமூவ்ட் தி கப்ளிங் கார்ட் அண்ட் டுக் அவுட் தி ஓல்ட் சீல். ஆஃப்டர் கிளீனிங் தி ஷாஃப்ட், ஐ ஃபிட்டெட் எ நியூ சீல் அண்ட் ரேன் தி பம்ப்.’ இரண்டு வாக்கியத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு இங். படிக்கிறவருக்கு எந்த வேலைக்கு அப்புறம் எது என்பதில் சந்தேகமே வராது.

எதிர்மறையில் ‘நாட்’ முன்னால் வரும்: ‘நாட் நோயிங் தி பாஸ்வேர்ட், ஐ குட் நாட் ஓப்பன் தி பேனல்.’ ‘ஐ ஆம் நோயிங்’ தப்பு என்று அடித்து அடித்துச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள், அதனால் ‘நோயிங்’ என்ற சொல்லைக் கண்டாலே பயம். எச்சமாக வரும்போது அது சரிதான். ஒன்றைச் செய்யாமலே அடுத்ததைச் செய்தோம் என்றால் ‘விதவுட்’: ‘ஹி ஸ்டார்ட்டெட் தி பம்ப் விதவுட் ஓப்பனிங் தி வால்வ்.’

5. ‘நேற்று வந்த இன்ஜினியர்’

பெயரெச்சம் தமிழில் பெயருக்கு முன்னால், ஆங்கிலத்தில் தொடராக வந்தால் பெயருக்குப் பின்னால். ‘பேனல் பக்கத்தில் நிற்கிற ஆள்’ என்பது ‘தி மேன் ஸ்டேண்டிங் நியர் தி பேனல்’. இது சீக்கிரம் பழகிவிடும்.

பழகாதது இறந்த காலம். ‘நேற்று வந்த இன்ஜினியர்’ என்பதை ‘தி இன்ஜினியர் கமிங் எஸ்டர்டே’ என்று நம்மில் நிறையப் பேர் எழுதுகிறோம். அது வராது. நடந்து முடிந்த ஒரு செயலுக்கு இங் ஒத்துக்கொள்ளாது, ‘தி இன்ஜினியர் ஹூ கேம் எஸ்டர்டே’ என்றே எழுத வேண்டும். சோதனை தமிழிலேயே இருக்கிறது. ‘-கிற’ என்று சொல்ல முடிந்தால் இங். ‘-ப்பட்ட’ என்று சொல்ல முடிந்தால் எட் வகை: ‘தி பம்ப் இன்ஸ்டால்ட் இன் 2019’, நிறுவப்பட்ட பம்ப். ‘வந்த’, ‘போன’, ‘நின்ற’ மாதிரி ‘-ப்பட்ட’ சேராத வினையாக இருந்தால் ‘ஹூ’ அல்லது ‘தட்’. ‘ஃபாலன் ட்ரீ’, ‘ரிட்டயர்ட் ஆபீசர்’, ‘எக்ஸ்பயர்ட் வாரண்டி’ மாதிரி சில சொற்கள் மட்டும் விதிவிலக்கு, அவற்றை அப்படியே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

‘ஐ ஆம் இன்டரஸ்டிங் இன் திஸ் ஜாப்’ என்று விண்ணப்பத்தில் எழுதுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இங் என்றால் செய்கிற பக்கம், எட் என்றால் படுகிற பக்கம். ஒழுகுகிற சீல் ‘லீக்கிங் சீல்’, சேதப்பட்ட கேபிள் ‘டேமேஜ்ட் கேபிள்’.

6. ஒரு கமா லைனையே நிறுத்தும்

‘தி மோட்டார்ஸ் ரன்னிங் ஆன் தி ஓல்ட் லைன் மஸ்ட் பி ஸ்டாப்ட்.’ கமா இல்லை. பழைய லைனில் ஓடுகிற மோட்டார்களை மட்டும் நிறுத்த வேண்டும்.

‘தி மோட்டார்ஸ், ரன்னிங் ஆன் தி ஓல்ட் லைன், மஸ்ட் பி ஸ்டாப்ட்.’ இரண்டு கமா. சொல்லப்படுகிற எல்லா மோட்டாரையும் நிறுத்த வேண்டும், அவை பழைய லைனில் ஓடுகின்றன என்பது கூடுதல் தகவல்.

தமிழில் கமா இந்த வேலையைச் செய்வதில்லை, அதனால் நமக்குக் கை போன இடத்தில் போடுகிற பழக்கம். எந்த மோட்டார் என்று பிரித்துக் காட்டுவதற்காக எச்சம் வந்தால் கமா போடாதீர்கள்.

7. கடிதத்தின் கடைசி வரி

‘அவெய்டிங் யுவர் ரிப்ளை.’ என்று புள்ளி வைத்து முடிக்காதீர்கள். ‘தங்கள் பதிலை எதிர்பார்த்து’ என்று தமிழில் முடிப்பது மாதிரியே இதுவும் எச்சம், முற்று இல்லை. ‘தேங்கிங் யூ’ கூட ஒரு காலத்தில் ‘தேங்கிங் யூ, ஐ ரிமெயின், யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’ என்று முற்றோடு வந்ததுதான், நடுவில் இருந்தது உதிர்ந்துவிட்டது. ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை’ போதும்.

8. ஆறு வாரத்தை எப்படிப் பிரிப்பது

நான் ஸ்ரீராமபுரத்தில் ஏறி பீன்யா இண்டஸ்ட்ரியில் இறங்குவேன், மெட்ரோவின் பச்சை லைனில் இருபது நிமிடத்துக்குள் வந்துவிடும். போகும்போது ஒரு ரிப்போர்ட்டில் கோடிடுவேன், வரும்போது திருத்துவேன். வீட்டுக்கு வந்த பிறகு செய்யலாம் என்று வைத்தால் நடக்காது, உடம்பு விடாது.

முதல் வாரம் கோடிடுவது, தமிழ் அர்த்தம் எழுதுவது. இரண்டாவது, மூன்றாவது வாரம் கமாவுக்கு அப்புறம் யார் என்ற கேள்வி மட்டும், வேறு எதையும் தொடாதீர்கள். நாலாவது வாரம் ஹேவிங். ஐந்தாவது வாரம் பெயரெச்சமும் கமாவும். ஆறாவது வாரம் புது ரிப்போர்ட்களை அனுப்புவதற்கு முன்னால் பார்ப்பது. ஒரு ரிப்போர்ட்டுக்கு இரண்டு நிமிடம் ஆகும். அனுப்பு பட்டனை அழுத்துவதற்கு முன்னால் இங், எட் தொடக்கங்களைத் தேடி, அடுத்த எழுவாயில் விரலை வைத்து, ‘இதைச் செய்தது நீதானா, எட் ஆனால் பட்டது நீதானா?’ என்று கேளுங்கள்.

வாரண்டி கிளெய்முக்கு மட்டும் தனி விதி வைத்திருக்கிறேன். அதில் வாக்கியத் தொடக்கத்தில் எச்சமே போடுவதில்லை. அதைப் படிப்பவர் பம்பைப் பார்த்திருக்கமாட்டார், அக்கவுண்ட்ஸ் பிரிவில் உட்கார்ந்து ஒரே ஒரு தடவை படித்து ஆம், இல்லை என்று முடிவு செய்வார். ‘தி பம்ப் ஃபெயில்ட் டுவைஸ்.’ அடுத்த வரியில் இரண்டு தேதி. அடுத்த வரியில் நாம் கேட்பது.